குளியலறைச் சுவரில் ஒரு குகை

மேசையில் பழைய செய்தித்தாளை விரித்து அதன்மேல் இதை வைத்திருக்கிறேன். பார்த்த மாத்திரத்தில் பவளக்கிளை என்றுதான் யாருக்கும் தோன்றும். சாம்பல் கலந்த வெள்ளை நிறம், ஆங்காங்கே காவிக் கறை, விரல் பட்டால் உதிரும் ஓரங்கள். பட்டை உரிந்த ஓர் இடத்தில் மட்டும் செம்பு தெரிகிறது. அயப்பாக்கத்தில் எங்கள் குளியலறைச் சுவரில் ஐந்து வருடம் வெந்நீர் தந்துவிட்டு, மார்கழி பிறந்த வாரத்தில் நின்றுபோன கீசரின் எலிமெண்ட் இது. குழாய் சுண்டுவிரலைவிட மெல்லியது. ஏறியிருக்கும் பட்டையோடு சேர்த்துப் பிடித்தால் கட்டைவிரல் தடிமன்.

இதைக் கழற்றிக் கொடுத்த எலெக்ட்ரீஷியன் தம்பி, கீசரின் மூடியைத் திறப்பதற்கு முன்பே, ஸ்டூலில் ஏறி நின்றபடி ஒரு கேள்வி கேட்டார்.

“போர் தண்ணியாக்கா, மெட்ரோ வாட்டரா?”

“போர்தான் தம்பி.”

“அப்ப காயில்தான் போயிருக்கும். பாத்துருவோம்.”

மின்சாரச் சாமான் பழுதாகிக் கிடக்கிறது, அவர் தண்ணீரை விசாரிக்கிறார். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பக்கம் கீசர் பழுது பார்க்கும் எவரும் முதலில் கேட்பது இதைத்தான். அந்த ஒரு கேள்விக்குள் மின்னியல், வேதியியல், நிலவியல் மூன்றும் சுருண்டு கிடக்கின்றன. அதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கவே இந்தக் கட்டுரை.

முதலில் காயில். ஒரு கம்பியில் மின்னோட்டம் பாயும்போது எழும் வெப்பம், மின்னோட்டத்தின் வர்க்கத்தையும் கம்பியின் மின்தடையையும் பெருக்கிய அளவு இருக்கும் என்று இங்கிலாந்தின் ஜேம்ஸ் ஜூல் 1840களின் தொடக்கத்திலேயே அளந்து சொன்னார். சுவருக்குள் வரும் வயரிலும் கீசரின் காயிலிலும் ஓடுவது ஒரே மின்னோட்டம். வயரின் தடை ஓர் ஓமில் சிறு பகுதி, 2000 வாட் காயிலின் தடையோ சுமார் 26 ஓம். அதனால்தான் ஒன்று வெதுவெதுப்புகூட ஆகாமல் இருக்க, மற்றொன்று தண்ணீரைக் கொதிநிலைக்குத் தள்ளுகிறது.

ஆனால் விதி தெரிந்த பிறகும் அறுபது வருடங்களுக்கு மேல் நல்ல காயில் கிடைக்கவில்லை. இரும்புக் கம்பியைச் சிவக்கச் சிவக்கக் காய்ச்சினால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைச் செதில் செதிலாகத் தின்றுவிடும். பிளாட்டினம் தாங்கும், ஆனால் யார் வாங்குவது? 1906இல் அமெரிக்கரான ஆல்பர்ட் மார்ஷ் நிக்கலையும் குரோமியத்தையும் கலந்து ஒரு உலோகக் கலவைக்குக் காப்புரிமை பெற்றார். நிக்ரோம் என்று இன்று நாம் அழைப்பது அதைத்தான். ஏறக்குறைய 80 பங்கு நிக்கல், 20 பங்கு குரோமியம். செம்பைப்போல அறுபது மடங்குக்கும் மேல் மின்தடை உள்ளதால் சிறிய நீளமே போதும். சூடேறியதும் குரோமியம் மேற்பரப்புக்கு வந்து ஆக்சிஜனோடு சேர்ந்து கண்ணுக்குத் தெரியாத ஒரு தோலைப் போர்த்திக்கொள்கிறது. அந்தத் தோல் உள்ளே இருக்கும் உலோகத்தைக் காக்கிறது. கீறல் விழுந்தால் தானே மறுபடி வளர்கிறது. இஸ்திரிப் பெட்டி, டோஸ்டர், ஹேர் டிரையர், கீசர் எல்லாம் இந்தத் தோலை நம்பித்தான் வீட்டுக்குள் வந்தன.

இதே காட்சியைப் பெரிய அளவில் பார்க்க எங்கள் வீட்டிலிருந்து அதிக தூரம் போகவேண்டாம். 1960களில் உருவான அம்பத்தூர் தொழிற்பேட்டையின் உள்தெருக்களில், கியரும் போல்ட்டும் பதப்படுத்தும் ஹீட் ட்ரீட்மெண்ட் பட்டறைகள் இருக்கின்றன. அங்கே மின் ஃபர்னஸின் கதவைத் திறந்தால், செங்கல் சுவரின் திட்டுகளில் சுருள் சுருளாகக் காயில்கள் ஆரஞ்சு நிறத்தில் ஒளிரும். எஃகைக் கெட்டிப்படுத்த 850 டிகிரி அளவுக்குக் காய்ச்சி எண்ணெயில் முக்குவார்கள். அந்த வெப்பத்துக்கு மேலும் தாங்கும் சுருள்களில் பல, இரும்பு, குரோமியம், அலுமினியம் சேர்ந்த காந்தல் வகை. அது ஸ்வீடனில் பிறந்த கலவை, அலுமினிய ஆக்சைடுத் தோல் போர்த்தி 1400 டிகிரி வரை தாக்குப்பிடிக்கும். கனடாவில் மாண்ட்ரியால் பக்கம் வாழும் நம் உறவினர் வீட்டு நிலவறையிலும் இதன் தம்பி உண்டு. பனிக்காலத்தில் வீட்டுக் காற்றைச் சூடாக்கும் மின் ஃபர்னஸில் 5000 வாட் காயில்கள் வரிசையாக இருக்கும், ஒன்றன்பின் ஒன்றாக உயிர்பெறும். அங்கே பழுது பார்ப்பவரும் இங்கே ஸ்டூலில் நிற்கும் தம்பியும் கையில் பிடிப்பது ஒரே மல்டிமீட்டர்.

ஃபர்னஸ் காயிலுக்குச் சுற்றிலும் காற்று. கீசர் காயிலுக்கோ தண்ணீர். மின்னோட்டம் பாயும் கம்பியைத் தண்ணீரில் நேராக முக்க முடியாதே! அதனால் நிக்ரோம் சுருளை ஒரு செம்புக் குழாயின் நடுவில் நிறுத்தி, சுற்றிலும் வெள்ளைப் பொடி ஒன்றை நிரப்பி, குழாயை உருளைகளுக்கு இடையே நசுக்கி மெலிதாக்குகிறார்கள். பொடி கல்லாக இறுகுகிறது. பிறகுதான் குழாயை வேண்டிய வடிவத்துக்கு வளைக்கிறார்கள். நாம் எலிமெண்ட் என்று வாங்குவது இந்த மூன்றடுக்குப் பொருளை.

அந்தப் பொடியை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு அடங்குவதில்லை. அதனிடம் நாம் எதிர்பார்ப்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு வேலைகள். சுருளிலிருந்து மின்சாரம் துளியும் குழாய்க்குக் கடக்கக் கூடாது. வெப்பம் முழுவதும் கடக்க வேண்டும். பொதுவாக இவை இரண்டும் சேர்ந்தே வரும், சேர்ந்தே போகும். செம்பு மின்சாரத்தையும் கடத்தும், சூட்டையும் கடத்தும். மரமும் பிளாஸ்டிக்கும் இரண்டையும் தடுக்கும். உலோகத்தில் சுதந்திரமாக அலையும் எலெக்ட்ரான்களே இரண்டு சுமையையும் தூக்குகின்றன என்பதால் இப்படி. அந்த வெள்ளைப் பொடியான மெக்னீசியம் ஆக்சைடு வேறு வழி வைத்திருக்கிறது. அதன் எலெக்ட்ரான்கள் இடத்தைவிட்டு நகராமல் கட்டுண்டு கிடக்கின்றன, ஆகவே மின்சாரம் போக வழியில்லை. ஆனால் அணுக்கள் இலேசானவை, ஒன்றையொன்று விறைப்பாகப் பிடித்திருப்பவை. ஒரு முனையில் அதிர்ந்தால் அந்த அதிர்வு வரிசை முழுக்கப் பாய்கிறது. வெப்பம் என்பதே அணுக்களின் அதிர்வுதானே. சேலம் சுரங்கங்களில் தோண்டி எடுக்கும் மேக்னசைட் கல்லைச் சூளையில் சுட்டால் கிடைப்பதும் இதே மெக்னீசியம் ஆக்சைடுதான். இந்தப் பொடிக்கு ஒரு பலவீனம் உண்டு. அதற்கு மார்கழியோடு தொடர்பு இருக்கிறது, பின்னால் வருகிறேன்.

இப்போது தம்பியின் கேள்விக்கு வருவோம்.

எங்கள் பகுதியில் எல்லோரும் “உப்புத் தண்ணி” என்றுதான் சொல்கிறோம். சோப்பு நுரைக்காவிட்டாலும் உப்பு, வாயில் கரித்தாலும் உப்பு, குழாய்முனையில் வெள்ளை பூத்தாலும் உப்பு. ஆனால் சமையல் உப்பு எவ்வளவு இருந்தாலும் காயிலில் படியாது, வெந்நீரில் அது இன்னும் நன்றாகவே கரையும். படிவது சுண்ணாம்புச் சத்து. மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது வேர்களும் நுண்ணுயிர்களும் மூச்சுவிட்ட கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக்கொண்டு இலேசான அமிலமாகிறது. கிணறு வெட்டும்போது களிமண்ணுக்கு இடையில் வெள்ளை வெள்ளையாக வருமே சுக்கான் கல், அதைப் போன்ற சுண்ணாம்புக் கற்களை அந்த அமில நீர் மெல்லக் கரைக்கிறது. கரைந்தது கால்சியம் பைகார்பனேட்டாக நீரில் கண்ணுக்குத் தெரியாமல் நிற்கும். போர் மோட்டார் போட்டதும் அது நம் மாடித் தொட்டிக்கு ஏறுகிறது.

குடிநீருக்கான இந்தியத் தர அளவு, கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம் வரை இருந்தால் ஏற்றது என்கிறது. வேறு வழியே இல்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். செம்பரம்பாக்கம் ஏரியிலோ செங்குன்றத்திலோ தேங்கிச் சுத்திகரிக்கப்பட்டு வரும் நீர் பாறையோடு அதிகம் பழகாத நீர். ஆழ்துளைக் கிணற்று நீர் பல வருடம் கல்லோடும் களிமண்ணோடும் குடித்தனம் நடத்திவிட்டு வருவது. 2019 கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கும் வறண்டபோது இந்தப் பக்கத்துத் தெருக்களில் தண்ணீர் லாரியும் ஆழமான போரும்தான் கதி. அந்த வருடத்துத் தண்ணீரை எங்கள் குழாய்கள் இன்னும் மறக்கவில்லை.

பைகார்பனேட் நீரைச் சூடாக்கினால் மண்ணுக்குள் நடந்த வேதிவினை தலைகீழாகத் திரும்புகிறது. கார்பன் டை ஆக்சைடு வெளியேற, மிச்சம் கால்சியம் கார்பனேட்டாகக் கெட்டிப்படுகிறது. சர்க்கரைபோல் சூட்டில் கூடுதலாகக் கரையும் பொருள் இது இல்லை, சூடு ஏற ஏற இதன் கரைதிறன் குறைகிறது. ஆகவே தொட்டியிலேயே மிகச் சூடான இடத்தைத் தேடிப் படிகிறது. அந்த இடம் காயிலின் மேற்பரப்பு. ஆந்திரத்தில் அரக்குப் பள்ளத்தாக்கின் போரா குகைகளில் விழுதுவிழுதாகத் தொங்கும் கல்தூண்களும் நீரிலிருந்து கார்பன் டை ஆக்சைடு விலகி, சுண்ணாம்பு தங்கியதால் வளர்ந்தவைதான். அங்கே ஒரு விரற்கடை வளர யுகங்கள் வேண்டும். இங்கே 2000 வாட் கொடுத்து நாமே அவசரப்படுத்துகிறோம்.

எவ்வளவு படியும்? ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். லிட்டருக்கு 400 மில்லிகிராம் கடினத்தன்மை, அதில் கால் பங்கு மட்டும் படிகிறது, நாளைக்கு 60 லிட்டர் வெந்நீர் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 6 கிராம். நான்கு மாதக் குளிர்காலத்துக்கு முக்கால் கிலோவை நெருங்குகிறது! அத்தனையும் காயிலிலேயே ஒட்டுவதில்லை. பெரும்பகுதி உதிர்ந்து தொட்டியடியில் மணலாகக் கிடக்கும். எங்கள் கீசரின் அடித்தட்டைக் கழற்றியபோது கொட்டியதை ஒரு பழைய டப்பாவில் அள்ளினோம், டப்பா நிறைந்துவிட்டது.

இந்தப் பட்டையைப் பற்றி ஒரு தவறான நம்பிக்கை பரவலாக இருக்கிறது. காயிலில் உப்பு படிந்தால் கரண்ட் பில் எகிறும் என்பார்கள். அடுப்புத் தீ வெளியிலிருந்து சுடும் பாத்திரத்துக்கு அது பொருந்தும். பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பு ஏறினால் வெப்பம் உள்ளே புகாமல் பக்கவாட்டில் ஓடி வீணாகும். நம் பாட்டி காலத்துச் செம்புப் பாய்லரில் கரி கூடுதலாகச் செலவானது அதனால்தான். ஆனால் தண்ணீருக்குள்ளேயே மூழ்கியிருக்கும் காயிலிலிருந்து வெப்பம் வேறெங்கே ஓடும்? கொஞ்சம் தாமதமாகவேனும் முழுவதும் தண்ணீருக்கே வந்து சேரும். மின் கட்டணம் ஏறக்குறைய அதேதான். விலை கொடுப்பது காயில்.

அது எப்படி என்றும் கணக்கு சொல்கிறது. 8 மில்லிமீட்டர் தடிமனும் 60 சென்டிமீட்டர் நீளமும் உள்ள குழாயில் 2000 வாட் வெளியேற வேண்டுமென்றால், ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் வழியாகவும் 13 வாட் கடக்கிறது. செம்பு இதைச் சுமையாகவே உணராது. சுண்ணாம்புப் பட்டையோ செம்பைவிட இருநூறு மடங்கு மோசமான வெப்பக் கடத்தி. ஒரே ஒரு மில்லிமீட்டர் பட்டை, உள்ளே இருக்கும் குழாயைச் சுமார் 65 டிகிரி கூடுதலாகக் காய்ச்சிவிடும். மூன்று மில்லிமீட்டர் என்றால் 200 டிகிரி. குழாய் சூடானால் பொடி சூடாகிறது, பொடி சூடானால் நிக்ரோம் தன் வெப்பத்தை இறக்கிவைக்க இடமில்லாமல் தவிக்கிறது. போர்வைமேல் போர்வையாகப் போர்த்திக் காய்ச்சலில் கிடப்பவரின் நிலை.

கம்பி முழுவதும் ஒரே மாதிரி மெலிவதில்லை. எங்கோ ஒரு புள்ளியில் பட்டை தடிமனாக, கம்பி அங்கே சற்றே மெல்லியதாக இருக்கும். மெல்லிய இடத்தில் தடை அதிகம். ஓடும் மின்னோட்டம் எல்லா இடத்திலும் ஒன்றே, எனவே அந்தப் புள்ளியில் வெப்பமும் அதிகம். வெப்பம் கூடினால் அரிப்பு கூடும், அரித்தால் இன்னும் மெலியும். நாள்தோறும் இந்தச் சுழல் இறுகி, ஒரு காலையில் அந்தப் புள்ளி மட்டும் உருகி அறும். இறந்துபோன காயிலைப் பிளந்து பார்த்தால் மற்ற இடமெல்லாம் புதிதுபோல் இருப்பதற்கும் ஓரிடத்தில் மட்டும் கறுத்த மணி ஒன்று திரண்டிருப்பதற்கும் இதுவே காரணம். தொழிற்பேட்டையின் ஃபர்னஸ் காயிலும் பெரும்பாலும் இப்படி ஒரே புள்ளியில்தான் சாகிறது.

உயிரோடு இருக்கும்போதே காயில் குரல் கொடுக்கும். கீசர் ஓடும்போது கொரகொரவென்றோ படபடவென்றோ சத்தம் கேட்டால், பட்டையின் விரிசல்களுக்குள் புகுந்த நீர் நீராவிக் குமிழாகி, வெளியே வந்து குளிர்ந்த நீர் பட்டு நொறுங்குகிறது என்று பொருள். எங்கள் கீசர் இரண்டு வருடமாக அப்படிப் பேசியது. நான் கேட்கவில்லை.

தம்பி பழுது தேடிய வரிசை எனக்குப் பிடித்திருந்தது. முதலில் மெயின் பெட்டியில் எம்.சி.பி.யை இறக்கினார். இரண்டாவது, பிளக்கைப் பிடுங்கி அதன் பின்களை முகர்ந்து பார்த்தார். கீசர் வேலை செய்யவில்லை என்று வரும் புகார்களில் பாதி பிளக்கிலேயே முடிந்துவிடும் என்றார். அதிலும் ஜூலின் விதிதான் ஒளிந்திருக்கிறது. 2000 வாட் கீசர் இழுப்பது சுமார் 8.7 ஆம்பியர். பின்னும் சாக்கெட்டும் தளர்ந்து, தொடும் இடத்தில் வெறும் 0.2 ஓம் தடை ஏறினாலும் அங்கே 15 வாட் வெப்பம் பிறக்கும். சிறிய சால்டரிங் அயர்னை பிளக்குக்குள் செருகி வைத்த மாதிரி. பிளாஸ்டிக் பழுத்து, உருகி, கருகும். பிளக் தொடுவதற்குச் சூடாக இருந்தாலே உடனே நிறுத்திவிட வேண்டும். எத்தனையோ வீடுகளில் அதைக் கண்டும் காணாமல் இருக்கிறோம்.

பிறகு விளக்கு. பெரும்பாலான கீசர்களில் ஒரு விளக்கு மின்சாரம் வருவதையும் இன்னொன்று காயிலுக்கு மின்சாரம் போவதையும் காட்டும். இரண்டாவது விளக்கு எரிந்தும் தண்ணீர் பச்சையாகவே இருந்தால் காயில் அறுந்திருக்கிறது. அது எரியவே இல்லையென்றால் தெர்மோஸ்டாட்டையோ, சூடு எல்லை மீறினால் தடுக்கும் கட்-அவுட்டையோ சந்தேகிக்க வேண்டும். கட்-அவுட்டில் ஒரு சிறிய பொத்தான் இருக்கும், அழுத்தினால் மறுபடி இணைந்துகொள்ளும். ஆனால் அது ஏன் விழுந்தது என்று தெரியாமல் அழுத்திவிட்டுப் போவது தவறு. அது விழுந்திருந்தால் தெர்மோஸ்டாட் தன் கடமையில் தவறியிருக்கக்கூடும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்தார். தொட்டிக்குள் நீளும் ஒரு பித்தளைக் குழாய், அதற்குள் ஒரு மெல்லிய தண்டு. அந்தத் தண்டு இன்வார் என்ற இரும்பு நிக்கல் கலவை. 1896இல் சார்ல்ஸ் எதுவார் கியோம் கண்டறிந்த அது, சூடேறினாலும் கிட்டத்தட்ட நீளாது. அந்தப் பணிக்காகவே அவருக்கு 1920ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. பித்தளை நீள்கிறது, தண்டு நீள மறுக்கிறது, இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுவிட்சை இழுக்கிறது. 20 சென்டிமீட்டர் நீளத்துக்கு 30 டிகிரி சூடேறினால் அந்த வித்தியாசம் வெறும் 0.1 மில்லிமீட்டர், ஒரு தாளின் கனம். அந்தத் தாள் அளவு அசைவை நம்பித்தான் குளியலறையில் கொதிநீர்த் தொட்டிக்குக் கீழே நிற்கிறோம்.

கடைசியாக மல்டிமீட்டர். காயிலின் இரண்டு முனைகளிலும் இருந்த வயர்களை விலக்கிவிட்டு ஓம் அளவில் வைத்தார். 230 வோல்ட்டில் 2000 வாட் என்றால் 26 ஓமுக்குப் பக்கத்தில் காட்ட வேண்டும். 3000 வாட் உடனடி கீசருக்கு 17 அல்லது 18, 1500 வாட் என்றால் 35. மின்னழுத்தத்தின் வர்க்கத்தை வாட்டால் வகுத்தால் வருவதுதான், யாரும் போட்டுப் பார்க்கலாம். எங்கள் காயிலுக்கு மீட்டர் எண்ணே காட்டவில்லை. கம்பி அறுந்துவிட்டது.

சில சமயம் காயில், பிளக், தெர்மோஸ்டாட் எல்லாம் சரியாக இருந்தும் வெந்நீர் ஆகத் தாமதமாகும். குறைந்த மின்னழுத்தம் அதற்கு அடிக்கடி காரணம். 15 லிட்டரை 26 டிகிரியிலிருந்து 60க்கு ஏற்ற 230 வோல்ட்டில் சுமார் 18 நிமிடம் போதும். 200 வோல்ட் வந்தால் வாட் 1500க்கு இறங்கி, நேரம் 24 நிமிடத்தை நெருங்கும். இதற்கெல்லாம் காயிலை மாற்றிப் பயனில்லை.

இப்போது மார்கழி. சென்னையில் கீசர் வருடம் முழுக்க ஓடுவதில்லை. சித்திரை, வைகாசியில் மாடித் தொட்டியே கொதிக்கும், பச்சைத் தண்ணீருக்குத்தான் ஏங்குவோம். ஏழெட்டு மாதம் தூங்கும் கீசரை, வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து குளிர் விழும்போது எழுப்புகிறோம். போட்டதும் வீடு முழுக்க இருட்டு, ஆர்.சி.சி.பி. ட்ரிப். மெக்னீசியம் ஆக்சைடுப் பொடியின் பலவீனம் என்றேனே, அது இதுதான். அது ஈரத்தை உறிஞ்சும். எலிமெண்டின் முனைகளை அடைத்திருக்கும் மூடி முதுமையில் விரிசல் விட்டால், மழைக்கால ஈரக்காற்று மெல்ல உள்ளே போய்ப் பொடியை நனைக்கிறது. நனைந்த பொடி மின்சாரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குழாய்க்குக் கசியவிடுகிறது. குழாய் எர்த்தோடு இணைந்திருப்பதால் கசிவு அதன் வழியே ஓட, போன மின்னோட்டமும் திரும்பிய மின்னோட்டமும் சமமில்லை என்று ஆர்.சி.சி.பி. கண்டுகொள்கிறது. வீட்டுக்கான ஆர்.சி.சி.பி. விழ 30 மில்லியாம்பியர் கசிவு போதும்.

இப்படிப்பட்ட காயில் ஓம் மீட்டரில் சரியாக 26 காட்டி ஏமாற்றும், ஏனெனில் கம்பி அறவில்லை. ஒரு முனைக்கும் குழாயின் உலோகத்துக்கும் இடையே அளக்க வேண்டும். அதையும் மல்டிமீட்டரின் சில வோல்ட் பேட்டரியில் அளந்தால் கசிவு மறைந்துகொள்ளலாம். 500 வோல்ட் கொடுத்து அளக்கும் மெகர் வேண்டும். அது மில்லியன் கணக்கில் ஓம் காட்டினால் நிம்மதி. சில ஆயிரங்களுக்கு இறங்கியிருந்தால் மாற்றுவதே நல்லது. சூடேறிப் பத்து நிமிடம் கழித்து ட்ரிப் ஆகிறதென்றால், செம்புக் குழாயில் மயிரிழை ஓட்டை விழுந்து சூட்டில் திறக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

ட்ரிப் ஆகித் தொல்லை தருகிறது என்று ஆர்.சி.சி.பி.யைத் தாண்டி நேராக வயர் கொடுக்கச் சொல்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். எர்த்தும் சரியில்லாத வீட்டில் அந்தக் கசிவு நனைந்த உடம்பின் வழியாகத்தான் தரையைத் தேடும். வாடகை வீடுகளில் பக்கெட்டில் தொங்கவிடும் வாட்டர் ஹீட்டர் ராடும் இதே எலிமெண்ட்தான், இதே பொடி, இதே ஈரம். சூடாகிவிட்டதா என்று விரலை விடுவதற்கு முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிளக்கையும் பிடுங்க வேண்டும். சாக்கெட்டில் ஃபேஸும் நியூட்ரலும் இடம் மாறியிருந்தால், சுவிட்ச் அணைந்த பிறகும் ராடில் மின்சாரம் நிற்கும்.

தம்பி புது எலிமெண்டை மாட்டினார். கூடவே மெக்னீசியம் ஆனோட் ராடும் மாற்றினார். பழையது சவுக்குக் கட்டை எரிந்து முடிந்த குச்சிபோல நடுக்கம்பி மட்டும் மிஞ்சியிருந்தது. தொட்டியின் எஃகைத் துரு தின்னாமல், தன்னைத் தின்னக் கொடுப்பதே அதன் வேலை. 1824இல் ஹம்ப்ரி டேவி போர்க்கப்பல்களின் செம்புத் தகட்டைக் காக்க இரும்பையும் துத்தநாகத்தையும் இணைத்துப் பார்த்த அதே யோசனை. இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது திறந்து பார்க்கச் சொன்னார். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரியில் வைத்தார், அதற்கு மேல் சுண்ணாம்பு வேகமாகப் படியும். சுவிட்ச் போடுவதற்கு முன் குழாயைத் திறந்து, காற்றெல்லாம் சீறி வெளியேறித் தண்ணீர் சீராக விழும்வரை காத்திருந்தார். தண்ணீர் இல்லாமல் போட்டால் புது எலிமெண்ட் ஒரு நிமிடத்துக்குள் சில நூறு டிகிரி ஏறிச் செத்துவிடும்.

பழையதை எடுத்துப் போகிறேன் என்றவரிடம் வேண்டுமென்று வாங்கி வைத்துக்கொண்டேன். அதிலிருந்து சுண்டைக்காய் அளவு பட்டை ஒன்றை உடைத்து, கண்ணாடி டம்ளரில் போட்டு வினிகர் ஊற்றினேன். உடனே பொங்கவில்லை. சற்று நேரத்தில் ஓரங்களில் ஊசிமுனைக் குமிழிகள் கிளம்பி, பிறகு சரம் சரமாக ஏறின. மண்ணுக்குள் வேரும் நுண்ணுயிரும் விட்ட மூச்சில் பாதி, கல்லுக்குள் அடைபட்டிருந்து இப்போது வெளியேறுகிறது. கிளிஞ்சலோ முட்டை ஓடோ போட்டாலும் இப்படித்தான் குமிழிடும், அவையும் கால்சியம் கார்பனேட்தான். வினிகர் பட்டும் உங்கள் வீட்டுப் பட்டை அசையாமல் கிடந்தால் அது வேறு வகைப் படிவு, அதற்கு வினிகரும் சிட்ரிக் ஆசிடும் உதவாது. கழிப்பறை கழுவும் ஆசிடை மட்டும் காயில்மேல் ஊற்றிவிட வேண்டாம். சுண்ணாம்பு போகும், கூடவே உலோகமும் போகும்.

காலையில் எழுந்து பார்த்தபோது டம்ளரில் கல் இல்லை. வினிகர் இலேசாகப் பழுப்பேறியிருந்தது. அடியில் ஒரு சிட்டிகை செம்மண் தங்கியிருந்தது.